சொந்த ஊர் எது பாஸ்?

காலேஜ் திறந்த முதல் வாரம். பக்கத்து பெஞ்ச் பார்ட்டி முதலில் உங்க பேரைக் கேட்கும். அடுத்த கேள்வி என்னன்னு உங்களுக்கே தெரியும். "சொந்த ஊர் எது?"

நீங்க பிறந்தது அம்பத்தூர். பள்ளிக்கூடம் கொரட்டூர். சைக்கிள் ஓட்டப் பழகி முட்டியைப் பேர்த்துக்கிட்டது ஆவடி. ஆனா, வாயில் வர்ற பதில்? "திருநெல்வேலி பக்கம்", "தஞ்சாவூர் பக்கம்", "செய்யாறு பக்கம்"! பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ போய் நாலஞ்சு நாள் தங்கிட்டு வர்ற ஊர், சொந்த ஊர். மிச்சம் முன்னூத்தி அறுபது நாளும் சோறு போட்டுத் தூங்க வைக்கிற ஊர், 'இப்ப இருக்கிற இடம்'. என்ன கணக்குங்க இது?

இந்தக் கணக்குக்கு ஒரு காரணம் இருக்கு. சென்னையின் மேற்குப் பக்கம் வளர்ந்ததே வந்தவங்களால்தான். 1950களில் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி. அடுத்த பத்தாண்டில் தொழிற்பேட்டை. ஆவடியில் டேங்க் தொழிற்சாலை வந்து, 1965ல் முதல் 'விஜயந்தா' டேங்க் வெளியே உருண்டது. லேத் பட்டறை, வெல்டிங் ஷாப்னு வேலை தேடி ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஆள் வந்தாங்க. வந்தவங்க டிரங்குப் பெட்டியோட ஊரையும் தூக்கிட்டு வந்தாங்க. உங்க அப்பா சொல்ற 'எங்க ஊர் ஆறு' அந்தப் பெட்டியிலிருந்து எடுத்ததுதான். இன்னிக்குப் போய்ப் பாருங்க. அதில் தண்ணியே இல்லாம இருக்கலாம். அப்பா மனசில் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்.

இதைத்தான் சொல்ல வர்றேன். சொந்த ஊர்ங்கிறது பாதி மண், பாதி கற்பனை!

விட்டு வந்தவன் எழுதின ஊர்

நம்பிக்கை இல்லையா? எழுத்தாளர்களைக் கேட்போம்.

அசோகமித்திரன் 1931ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். 21 வயசு வாக்கில் சென்னைக்குக் குடிவந்து, 2017ல் இறக்கிற வரைக்கும் இங்கேதான் இருந்தார். ஆனா, அவரோட '18வது அட்சக்கோடு' நாவல் முழுக்க செகந்திராபாத்தும் ஐதராபாத்தும்தான். நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களில் அங்கே வளர்ந்த ஒரு தமிழ்ப் பையனின் கதை. விட்டு வந்து இருபது வருஷத்துக்கும் மேல் ஆன ஒரு ஊரை, சென்னையில் உட்கார்ந்து தெருத் தெருவா எழுப்பினார் மனுஷன். அதே அசோகமித்திரன்தான் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை வெச்சு 'தண்ணீர்' எழுதினார். விட்டு வந்த ஊர், வந்து சேர்ந்த ஊர்... ரெண்டுமே அவருக்குச் சொந்தம்!

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904ல் டப்ளினை விட்டுக் கிளம்பினவர். 1912க்கு அப்புறம் ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. டப்ளினில் ஒரே ஒரு நாளைப் பத்தின 'யுலிசிஸ்' நாவலை எழுதினது இத்தாலியப் பக்கம், ஸ்விட்சர்லாந்து, பாரிஸ்னு அலைஞ்சுக்கிட்டு. நம்ம ஆர்.கே.நாராயண் இன்னும் கில்லாடி. புரசைவாக்கத்தில் வளர்ந்து மைசூரில் வாழ்ந்தவர், எந்த மேப்பிலும் இல்லாத மால்குடியை உருவாக்கினார். 1935லிருந்து எத்தனையோ பேர் அந்த ஊர்த் தெருவில் நடந்துக்கிட்டிருக்காங்க!

பம்பாயில் பிறந்து இங்கிலாந்தில் எழுதின சல்மான் ருஷ்டி, 1982ல் 'இமேஜினரி ஹோம்லேண்ட்ஸ்'னு ஒரு கட்டுரை எழுதினார். கற்பனைத் தாயகங்கள்! லண்டனில் அவர் அறையில் பம்பாய் வீட்டோட பழைய போட்டோ ஒண்ணு தொங்கும். கறுப்பு வெள்ளை. பார்த்துப் பார்த்து அவர் ஞாபகத்திலும் ஊர் கறுப்பு வெள்ளையாவே ஆகிப்போச்சு. பல வருஷம் கழிச்சு நேரில் போய் நின்னா, வீடு அத்தனை கலரில் இருக்கு! தூரத்திலிருந்து நினைக்கிற ஊரும் நிஜ ஊரும் ஒண்ணா இருக்காதுன்னு அங்கேதான் அவருக்குப் புரிஞ்சது.

கதை இல்லாத ஊரா நம்ம ஊர்?

"அதெல்லாம் டப்ளின், பம்பாய் பாஸ். நம்ம ஏரியாவில் என்ன இருக்கு? கம்பெனி, டிராஃபிக், கொசு"ன்னு அலுத்துக்காதீங்க. பூந்தமல்லி, திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். ராமானுஜர் காலத்தவர். தினமும் பூ எடுத்துக்கிட்டு காஞ்சி வரதருக்கு நடந்தே போவாராம். சுமார் ஐம்பது கிலோமீட்டர்! வயசாகி நடக்க முடியாமப் போனப்ப, வரதரே பூந்தமல்லிக்கு வந்துட்டார்ங்கிறது ஐதிகம். 'நீ வர முடியலைன்னா, நான் வர்றேன்'னு சாமியே ஊர் மாறின கதை, 101 நம்பர் பஸ் ரூட் வரைக்கும் உங்களோடவே வர்ற ஊரின் கதை.

திருமுல்லைவாயில், சுந்தரர் பாடின தலம். தொண்டைமான் ஏறி வந்த யானையோட கால், முல்லைக் கொடியில் சிக்கிக்கிட்டதில் தொடங்குது அந்த ஊர்ப் புராணம். ஆவடிக்கு நவீன புராணமே உண்டு. ராணுவத் தளவாடக் கிடங்கின் இங்கிலீஷ் பேரோட முதல் எழுத்துகளைக் கோத்துத்தான் 'ஆவடி'ன்னு பேர் வந்ததுன்னு டீக்கடையில் அடிச்சுச் சொல்வாங்க. டேங்க் தொழிற்சாலை வர்றதுக்கு முன்னாடியே, 1955ல் நேரு வந்து கலந்துக்கிட்ட மாநாட்டுக்கு 'ஆவடி காங்கிரஸ்'னுதான் பேர்! ஆனாலும் அந்தக் கதையை ரசிக்கலாம். தன் ஊருக்கு ஒரு கதை வேணும்னு எவனோ ஆசைப்பட்டிருக்கான் பாருங்க.

சர்க்கார் போடுற கோடு மாறிக்கிட்டே இருக்கும். அம்பத்தூரில் ஒரே வீட்டில் இருக்கிற தாத்தாவை எடுத்துக்குங்க. முதலில் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1997ல் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர். 2011ல் சென்னை மாநகராட்சிவாசி. 2018ல் சென்னை மாவட்டத்துக்காரர். வாசப்படி தாண்டலை, ஊர் மாறிடுச்சு! கெஜட்டை நம்பினா சொந்த ஊர் நிக்காது. கதையில்தான் நிக்கும்.

கேட்கவே கூடாத கேள்வி

புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கு. 1983 கலவரத்துக்கு அப்புறம் கடல் தாண்டி வந்தவங்களோட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். உங்க வயசுதான். "எந்த ஊர்?"னு கேட்டா மன்னார், வவுனியான்னு சொல்வாங்க. பார்த்ததே கிடையாது. பாட்டி சொன்ன பனங்காடும் கிணறும்தான் அவங்க ஊர். உங்களுக்கு அந்தக் கேள்வி பேச்சுக்கு ஆரம்பம். அவங்களுக்கு, அப்ளிகேஷன் ஃபாரத்தில் பேனா நிக்கிற இடம்.

1987 ஜூலைக்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். இது சட்டம். 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதை வெச்சுக் கோர்ட்டுக்குப் போனார். 2022ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அவருக்கு பாஸ்போர்ட் தரச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார். ரெண்டு வருஷம் பிந்திப் பிறந்திருந்தா அந்தக் கதவும் திறந்திருக்காது. கற்பனையில் ஊர் இருந்தா மட்டும் போதாது, காலுக்குக் கீழேயும் ஊர் வேணும்னு அவங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?

இன்னொண்ணு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இப்போ ஒடிசா, பீகார் பசங்க மெஷின் ஓட்டுறாங்க. சாயங்காலம் போனில் அவங்க பேசுற ஊரும், உங்க அப்பாவோட ஆறு மாதிரிதான். "இவனுங்க எல்லாம் எங்கேர்ந்து வந்தானுங்க?"ன்னு யாராவது சலிச்சுக்கிட்டா, உங்க தாத்தா எங்கேர்ந்து வந்தார்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ஊர்ப்பாசம் அடுத்தவனைத் துரத்துற கம்பா மாறுறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? இந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டே வேலை. ஒண்ணு, வீட்டில் வயசானவங்க பக்கத்தில் உட்காருங்க. சென்னைக்கு வந்த முதல் நாள் எங்கே இறங்கினாங்க, முதல் ராத்திரி எங்கே தூங்கினாங்க, கையில் என்ன கொண்டு வந்தாங்க... கேட்டு எழுதி வைங்க. அவங்களுக்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. ரெண்டு, உங்க தெருவைப் பத்தி ஒரே ஒரு பக்கம் எழுதுங்க. ஷிஃப்ட் சங்கு, ஏரிக்கரை, லெவல் கிராஸிங்கில் நின்ன நேரம்... எது தோணுதோ அது.

நாளைக்கு வேலை கிடைச்சு பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ போவீங்க. அங்கே உங்க பிள்ளை, "நம்ம ஊர் எப்படிப்பா இருக்கும்?"னு கேட்கும். அப்போ நீங்க சொல்லப்போற ஊர் அம்பத்தூரா, ஆவடியா, பூந்தமல்லியா இருக்கும். இப்பவே நல்லாப் பார்த்து வெச்சுக்குங்க!