சிறுமணியும் பெருமகிழ்வும்

சிலப்பதிகாரத்தில் ஒரு மன்னனது தீர்ப்பின் பிழையை வெளிப்படுத்தியது, சிலம்பினுள் இருந்த பரல் மாணிக்கமா முத்தா என்னும் ஒரு வினாவே. புறத்தோற்றம் மயக்கியது, உள்ளிருந்த கல்லே உண்மையை உரைத்தது. அதே காப்பியத்தின் ஊர்காண் காதையில், மதுரை மாநகரின் மணி வணிகர் வீதியை வருணிக்கும் இளங்கோவடிகள், மணிகளின் நிறத்தையும் குணத்தையும் குற்றத்தையும் நுணுகிக் கூறுகின்றார். மணிகளை அறிதல் வணிகர்க்கு மட்டுமன்றிக் கற்றோர்க்கும் உரிய அறிவாக நம் முன்னோரிடையே விளங்கிற்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இன்றோ மணிகள் செல்வர்க்கே உரியன என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. குறைந்த பொருளுடையார் நிறக்கற்களை ஏமாறாமலும் கடன்படாமலும் அணிந்து மகிழுதல் இயலுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு மணிநிலங்களின் நடுவே

இவ்வாராய்ச்சியைத் தொடங்குவதற்குக் கொஸ்லந்தையினும் பொருத்தமான இடம் அரிது. கொழும்பிலிருந்து புறப்படும் பெருந்தெரு இரத்தினபுரியையும் பலாங்கொடையையும் கடந்து, ஹல்துமுல்ல வழியாகக் கொஸ்லந்தையை அடைகின்றது. பின்னர் 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியின் அருகே இறங்கி, வெல்லவாய, புத்தல, மொனராகலை எனக் கீழ்த்திசை நோக்கிச் செல்கின்றது. அத்தெருவின் மேற்கே உள்ள இரத்தினபுரியின் பெயரை உலகம் அறியும். கிழக்கே, நமது ஊவா மாகாணத்திலேயே, கும்புக்கன் ஆற்றை அடுத்த ஒக்கம்பிட்டியவும் ஒரு மணிநிலம் என்பதை நம்மவருள் பலர் அறியார். ஆங்கு நீலக்கற்களும் ஸ்பினெல், கார்னெற் என்னும் கற்களும் அகழ்ந்தெடுக்கப்படுகின்றன.

தொன்மையான பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைய, அவற்றிலிருந்த வன்மை மிக்க கற்கள் மட்டும் அழியாது நீரோட்டத்தால் அடித்துச் செல்லப்பட்டுச் சரளை மண்ணோடு படிந்தன. இப்படிவையே சிங்கள மொழியில் ‘இல்லம்’ என்பர். குழி தோண்டி இல்லத்தை எடுத்துக் கூடையிலிட்டு நீரில் அரித்துக் கற்களைப் பிரிப்பர். அவ்வாறு கிடைப்பனவற்றுள் பெருங்கல் அரிது, சிறுகல்லே மிகுதி. இயற்கை சிறுமணிகளைத் தாராளமாகவும் பெருமணிகளைச் சிக்கனமாகவும் வழங்கியிருக்கின்றது.

பெயரும் பொருளும்

மாணிக்கமும் நீலமும் வெவ்வேறு கற்கள் என்று எண்ணுகின்றோம். உண்மையில் இரண்டும் ஒரே கனிப்பொருளாகும். சிறிதளவு குரோமியம் கலந்தால் செந்நிறமும், இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலநிறமும் தோன்றுகின்றன. அக்கனிப்பொருளுக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் நமது ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லினின்று பிறந்ததென்பது நாம் மகிழத்தக்கதொரு செய்தியாம்.

ஸ்பினெல் என்பது பிறிதொரு கனிப்பொருள். பல நூற்றாண்டுகளாக மக்கள் அதனை மாணிக்கமென்றே கருதினர். பிரித்தானிய அரச முடியின் முன்புறத்தில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்னும் பெயரோடு விளங்கும் பெருங்கல் ஸ்பினெலே என்பது பின்னரே தெளிவாயிற்று. பெயர் மாறியதால் அதன் அழகு குறையவில்லை. நாம் கண்டு மகிழ்வது நிறத்தையும் ஒளியையுமேயன்றிப் பெயரை அன்று. விலையோ பெரும்பாலும் பெயரைப் பின்பற்றியே ஏறுகின்றது. எனவே, மாணிக்கம் வாங்க இயலாதவர் செந்நிறக் கார்னெற்றையும், உயர்ந்த நீலம் வாங்க இயலாதவர் சாம்பல் கலந்த நீல ஸ்பினெலையும், ஊதா நிறத்தை விரும்புவோர் செவ்வந்திக் கல்லையும் நாடலாம். பழுப்புப் பொன்னிறக் கோமேதகமும் கார்னெற் இனத்தைச் சேர்ந்ததே.

ஒரு சிறு கணக்கு

கற்களின் நிறையைக் கரட் என்னும் அளவால் குறிப்பர். ஐந்து கரட் ஒரு கிராமாகும். கல் பெரிதாகுந்தோறும் ஒரு கரட்டின் விலையும் உயரும். ஆதலின் இரண்டு கரட் நிறையுள்ள ஒரு கல், அதே தரத்தில் ஒரு கரட் நிறையுள்ள இரு கற்களைவிடப் பொதுவாக விலை மிக்கதாகும்.

இங்கே கணித மாணவர் ஒரு நயத்தைக் காணலாம். ஆறு மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டக் கல் ஒன்றையும், அதே வடிவில் மூன்று மில்லிமீற்றர் விட்டமுள்ள கல் ஒன்றையும் ஒப்பிடுவோம். விட்டம் பாதியானால் முகப்பின் பரப்பு நான்கில் ஒன்றாகின்றது. நிறையோ எட்டில் ஒன்றாகின்றது. எனவே எட்டுச் சிறுகற்கள் ஒரு பெருங்கல்லின் நிறையையே உடையன. ஆனால் அவற்றின் முகப்புப் பரப்பு அதனைப்போல் இருமடங்காகும். கண்ணுக்குத் தெரிவது முகப்பே. விலை கொடுப்பது நிறைக்கே. நடுவில் ஒரு கல்லும் சுற்றிலும் சில கற்களுமாகத் தோடு செய்யும் நம்மவர் வழக்கம் இக்கணக்கோடு நன்கு பொருந்துகின்றது.

மற்றொரு நயமும் உண்டு. ஆழ்ந்த நிறமுள்ள கார்னெற் பெரிதாக இருந்தால், உட்புகுந்த ஒளி வெளியே வருமுன் பெரிதும் விழுங்கப்படுதலால் கருமையாகத் தோன்றும். அதே கல் சிறிதாயின் ஒளி கடக்கும் வழி குறுகிச் செந்தீப்போல் ஒளிரும். வெளிறிய நிறமுள்ள கல்லோ சிறிதானால் நிறமற்றதுபோலாகிவிடும். ஆகவே ஆழ்ந்த நிறத்தைச் சிறுகல்லிலும், இளநிறத்தைச் சற்றுப் பெரிய கல்லிலும் தேர்தல் வேண்டும். கடையின் விளக்கொளியை மட்டும் நம்பாது வாயிற்புறத்துப் பகலொளியிலும் கல்லைப் பார்த்தல் நன்று. மஞ்சள் விளக்கொளியில் செந்நிறம் சிறந்து தோன்றும், நீலம் மங்கும்.

வன்மையும் அணியும் இடமும்

1812 ஆம் ஆண்டளவில் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த அளவுமுறையில் வைரத்தின் வன்மை 10, குருந்தம் 9, ஸ்பினெல் 8, செவ்வந்திக் கல் 7, கார்னெற் ஏறத்தாழ 7, சந்திரகாந்தம் ஏறத்தாழ 6. வீட்டுத் தூசியில் வன்மை 7 உடைய மணற்றுகள் கலந்திருத்தலின், அதனினும் மென்மையான கற்கள் நாளடைவில் உராய்ந்து மங்கும். கொழுந்து பறிக்கும் கையும் மண்வெட்டி பிடிக்கும் கையும் அணியும் மோதிரத்துக்குக் குருந்தமோ ஸ்பினெலோ தகும். சந்திரகாந்தம் போன்ற மென்கற்கள் தோட்டிலும் பதக்கத்திலும் நெடுநாள் பொலியும். வெதுவெதுப்பான சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையுமே கற்களைத் தூய்மை செய்யப் போதுமானவை.

போலியும் உண்மையும்

கண்ணாடியைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் நோக்கினால் உருண்டையான காற்றுக் குமிழிகள் தென்படுதல் உண்டு. மாணிக்கத்தை ஆய்வுகூடத்தில் உருவாக்கும் முறையைப் பிரான்சு நாட்டு வெர்னோய் 1902 இல் வெளியிட்டார். அவ்வாறு செய்த கல் இயற்கைக் கல்லின் பொருளும் வன்மையும் உடையது. எனினும் அதன் வளர்ச்சிக் கோடுகள் வளைந்து காணப்படும். சிங்களத்தில் ‘கெவுட’ எனப்படும் பால்போற் கலங்கிய கற்களை மிகுந்த வெப்பத்திற் சுட்டு நீலமாக்கும் முறை 1970களில் பரவியது. முன்னர் மதிப்பின்றி ஒதுக்கப்பட்ட கற்கள் அதனாற் பெருமதிப்புப் பெற்றன.

செயற்கைக் கல்லை வாங்குதல் குற்றமன்று; சுட்ட கல்லை வாங்குதலும் குற்றமன்று. இயற்கையென்றும் சுடப்படாததென்றும் கூறி விற்பதே குற்றம். ஆதலின் கல்லின் பெயர், நிறை, தன்மை ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறு கேட்பது வாங்குவோர் கடமையாகும். விலையுயர்ந்த கல்லாயின், 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிடமோ தகுதிபெற்ற ஆய்வுகூடத்திடமோ காட்டித் தெளிதல் வேண்டும்.

சேமிப்பு வேறு, மகிழ்வு வேறு

இனி, இப்பொருளின் உயிர்நிலையான கருத்துக்கு வருவோம். குடியிருக்கும் லயமும் நிலமும் பெரும்பாலும் தமக்குரிமையாகாத தோட்ட மக்களுக்குப் பொன்னே வங்கி, பொன்னே காணி. மகளின் திருமணத்துக்கும் மகனின் கல்விக்கும் மருத்துவச் செலவுக்கும் நகை அடகுக்குச் செல்கின்றது. ஆங்குப் பொன்னின் நிறையே கணக்கிடப்படும். கல்லின் நிறை கழிக்கப்படும். பத்துக் கரட் கற்கள் பதித்த அட்டியலில் இரண்டு கிராம் கல்லாகும். வாங்கும்போது கல்லையும் சேர்த்து நிறுத்துப் பொன்விலை கொடுத்தவர், அடகுக் கடையிலேதான் அவ்விரண்டு கிராமின் இழப்பை உணர்கின்றார். கல்லின் கீழே அரக்கு நிரப்பியிருந்தால் இழப்பு மேலும் மிகும்.

எனவே சேமிப்புக்கென வாங்கும் பொன் கல்லின்றி இருப்பதே நன்று. மகிழ்வுக்கென வாங்கும் கல்லோ சிறியதாய், வெள்ளியிலோ மெல்லிய பொன்னிலோ பதித்ததாய், கல்லுக்கும் பொன்னுக்கும் தனித்தனியே விலை குறித்ததாய் இருத்தல் வேண்டும். இவ்விரு நோக்கங்களையும் ஒரே நகையில் அடக்க முயல்வோர் பெரும்பாலும் இரண்டையும் இழக்கின்றனர். இராசிக்கல் அணிவோரின் நம்பிக்கையை நாம் பழிக்க வேண்டுவதில்லை. ஆயினும் நலம் வேண்டி அணியும் கல்லுக்காக வட்டிக்குக் கடன்படுதல் நலத்துக்கு மாறானதென்பதைச் சொல்லாதிருத்தலும் இயலாது.

காலைப் பனி விலகும் வேளையில் ஒரு மூதாட்டியின் மூக்குத்தியிலுள்ள கடுகளவு செம்மணி வெயில் பட்டு ஒளிர்வதைக் கண்டவர், அதன் விலையை வினவார். கல் பெரிதாவதால் ஒருவர் பெருமை வளர்வதுமில்லை. சிறிதாவதால் அதன் அழகு தேய்வதுமில்லை. தன் வரவை அறிந்து, கல்லின் இயல்பை அறிந்து, கடனின்றி அணியும் சிறுமணியே அணிவோர்க்கும் காண்போர்க்கும் நிறைந்த மகிழ்வைத் தருவதாகும்.