உறைபனிக் களத்தில் நூர் ஜஹான்

மார்கழி மாத விடியலில் கௌதள்ளியிலிருந்து மாதேஸ்வரன் மலைப் பக்கமாக நோக்கினால், குன்றுகள் வெண்மூட்டத்துள் மறைந்து நிற்கும். அம்மூட்டத்தை நாம் வீட்டில் பனி என்கிறோம். தெருவில் நம் கன்னட நண்பர்கள் மஞ்சு என்கிறார்கள். தமிழிலும் மஞ்சு என்னும் சொல் உண்டு. ஆனால் அது முகிலைக் குறிக்கும். பனி என்னும் சொல்லுக்கோ நம் மொழியில் வேலை மிகுதி. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. மலையை மூடும் புகைபோன்ற ஈரமும் பனி. இமயத்தில் பொழியும் வெண்துகளும் பனியே. நீர் இறுகிக் கல்போல் ஆன நிலையை இப்பாடத்தில் உறைபனி என்று குறிப்போம். நாம் அறியப்போகும் விளையாட்டு அதன்மீதுதான் நடைபெறுகிறது.

அவ்விளையாட்டின் பெயர் ஐஸ் ஹாக்கி. பனிவளைதடி ஆட்டம் என்றும் தமிழில் கூறலாம். களம் ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுடையது. அணிக்கு அறுவர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பர். அவர்களுள் ஒருவர் கோல்காவலர். ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நிகழும். பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் தட்டையான ரப்பர் வில்லையை வளைதடியால் செலுத்துவர். அதன் எடை 170 கிராமுக்கு மேற்படாது. ஆயினும் அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயக்கூடும். ஆடுவோரின் காலணியில் கூரிய எஃகுத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். அத்தகட்டின் விளிம்பில் நின்றுகொண்டே விரைய வேண்டும், திரும்ப வேண்டும், சட்டென்று நிற்கவும் வேண்டும். நிற்பதுதான் கடினம் என்று இதனைப் பயில்வோர் கூறுவர்.

இவ்விளையாட்டு ஊறிப்போன நாடுகளுள் ஒன்று பின்லாந்து. அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 56 இலட்சம். அஃதாவது, பெங்களூரு நகரின் மக்கள்தொகையினும் குறைவு. எனினும் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட உட்புற உறைபனிக் களங்கள் உள்ளன. கோடைக்காலத்திலும் அங்குப் பயிற்சி செய்யலாம். ரீக்கா சல்லினன் என்னும் பின்லாந்து வீராங்கனை 1973இல் பிறந்தவர். ஒலிம்பிக் போட்டியில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக இடம்பெற்றது 1998இல், ஜப்பானின் நாகானோ நகரில். அப்போது அவர் தம் அணியுடன் வெண்கலப் பதக்கம் வென்றார். பின்பு சுமார் பத்தாண்டுகள் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார். மீண்டும் களமிறங்கி, 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் மற்றொரு வெண்கலம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 44. திறமையும் மனவுறுதியும் அவருடையவை. திரும்பி வந்தபோது களம் காத்திருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கௌதள்ளியிலிருந்து சாலைவழியே 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் லடாக்கின் லே நகரம் இருக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 20 பாகை வரை இறங்குவதுண்டு. அங்கே ஐஸ் ஹாக்கியைப் பரப்பியவர்களுள் படைவீரர்கள் முதன்மையானவர்கள். தொடக்கத்தில் இராணுவக் காலணிகளின் அடியில் உலோகத் தகடுகளைப் பொருத்திச் சறுக்கினர். கடையில் வாங்கிய சறுக்குக் காலணி பின்னர் வந்ததே.

இயற்கைக் களம் உருவாகும் முறை எளிது. ஆனால் உழைப்பு மிகுந்தது. குளத்திலோ, வரப்பு கட்டிய நிலத்திலோ இரவுக் குளிரில் நீரைப் பாய்ச்சுவர். அது உறைந்ததும் அதன்மேல் மீண்டும் நீர்; அதுவும் உறைந்தபின் மீண்டும் நீர். இவ்வாறு அடுக்கடுக்காக உறைபனி தடிக்கிறது. மறுநாள் வெயில் ஏறினால் மேற்பரப்பு நெகிழ்ந்துவிடும். ஆண்டில் இரண்டு மாதங்கள் அளவே இக்களம் நிலைக்கும். அந்தக் குறுகிய காலத்திற்குள் பள்ளிச் சிறுவர், படையினர், ஊர்க் குழுவினர் எனப் பலரும் ஆடியாக வேண்டும். களத்தில் நேரம் பங்கிடும்போது பெண்களின் முறை பெரும்பாலும் இறுதியாகவே வந்தது. முழுமையான பாதுகாப்புக் கவசங்களும் அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை.

இச்சூழலில் ஆடத் தொடங்கியவர்களுள் ஒருவர் லே நகரைச் சேர்ந்த நூர் ஜஹான். அவர் ஏற்ற பொறுப்பு கோல்காவலர் பொறுப்பு. மற்ற ஆட்டக்காரர்கள் களைத்தால் சற்றே வெளியேறி ஓய்வெடுக்கலாம். ஐஸ் ஹாக்கியில் ஆள்மாற்றம் இடையறாது நிகழும். கோல்காவலரோ தொடக்கம் முதல் முடிவு வரை நிற்பவர். கால்களில் தடித்த பட்டைகள், ஒரு கையில் தடுப்புப் பலகை, மறு கையில் பிடிக்கும் உறை, முகத்தில் கம்பிக் கவசம் ஆகியவற்றை அணிந்துகொண்டு, பாய்ந்து வரும் பக்கின்முன் தம் உடலை நிறுத்துகிறார். அவர் தடுத்தவை எத்தனை என்பதைப் பலர் எண்ணுவதில்லை. தவறவிட்டவை மட்டும் பலகையில் எழுதப்படும்.

இந்தியா 1989இலேயே பன்னாட்டு ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் உறுப்பு நாடாகியது. ஆயினும் பெண்கள் அணி பன்னாட்டுப் போட்டியில் இறங்கியது 2016இல்தான். தைவானின் தைப்பே நகரில் நடந்த ஆசிய அறைகூவல் கோப்பைப் போட்டி அது. அந்த அணியின் கோல்காவலர்களுள் நூர் ஜஹான் இடம்பெற்றார். குளத்து உறைபனியில் பழகியவர்கள் முழு அளவிலான உட்புறக் களத்தில் ஆட நேர்ந்தது. அணி தோல்வியுடன் திரும்பியது. இதில் வியப்படைய ஒன்றுமில்லை. எதிரணியினருள் பலர் ஆண்டு முழுவதும் பயிற்சி பெறுபவர்கள்.

மறு ஆண்டு, 2017 மார்ச்சு மாதம், பாங்காக் நகரில் நிலைமை மாறியது. இந்தியப் பெண்கள் பிலிப்பைன்ஸ் அணியை 4–3 என்னும் கணக்கில் வென்றனர். அதுவே அவர்களின் முதல் பன்னாட்டு வெற்றி. அதே தொடரில் மலேசியாவையும் வென்றனர். முதல் போட்டிக்கும் முதல் வெற்றிக்கும் இடையே ஓராண்டுதான். உறைபனி கிடைத்த காலத்தைக் கணக்கிட்டால் அது சில வாரங்களே.

2018 சனவரியில் லடாக்கிற்கு ஒரு விருந்தினர் வந்தார். அவர் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்ற கனடா வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர். 2003இல் பின்லாந்தில் ஆண்களுக்கான தொழில்முறை ஆட்டமொன்றில் இறங்கிக் கோல் அடித்தவர் அவர். நன்கொடையாகப் பெற்ற விளையாட்டுக் கருவிகளையும் உடன் கொண்டுவந்து, அங்குள்ள சிறுமியருக்கும் பெண்களுக்கும் பயிற்சி அளித்தார். அவ்வாண்டின் இறுதியில் இந்திய வீராங்கனையர் அவருடைய அழைப்பின்பேரில் கனடாவின் கால்கரி நகருக்குச் சென்றனர்.

நூர் ஜஹானின் வாழ்வில் மற்றொரு பணியும் உண்டு. அவர் கலைப்பொருள் பாதுகாப்பில் தில்லியில் உயர்கல்வி பயின்றவர். உறவினரான வஜீதா தபஸ்ஸும் என்பவருடன் சேர்ந்து, லே நகரில் ‘ஷெஸ்ரிக் லடாக்’ என்னும் அமைப்பை நிறுவினார். ஷெஸ்ரிக் என்றால் லடாக்கி மொழியில் மரபுச்செல்வம் என்று பொருள். பௌத்த மடாலயங்களில் சிதைந்துவரும் பழைய சுவரோவியங்களையும் துணியில் தீட்டிய தங்கா ஓவியங்களையும் அவர்கள் சீர்செய்கின்றனர். இருவரும் இசுலாமியப் பெண்கள். ஓவியத்தில் உதிர்ந்த இடத்தைத் தம் விருப்பம்போல் தீட்டிவிடுதல் கூடாது. எஞ்சியிருப்பதை உதிராமல் நிறுத்துவதே முதற்கடமை. கோல்காவலர் ஒருவர் இப்பணியைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே என்று எனக்குத் தோன்றுகிறது.

2025ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் பெண்கள் ஆசியக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. பாலைவன நாட்டில் குளிரூட்டிய அரங்கினுள் இந்திய அணி வெண்கலம் வென்றது. ஆசியக் கோப்பையில் பெண்கள் அணிக்கு அதுவே முதல் பதக்கம். அணியினருள் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். தேராதூனில் 2011ஆம் ஆண்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டு, பராமரிப்புச் செலவு தாங்காமல் நெடுங்காலம் மூடிக்கிடந்த உட்புறக் களமும் அதே ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. லேயில் மார்ச்சு பிறந்தால் குளங்கள் மீண்டும் நீராகிவிடும். கோடையில் மடாலயச் சுவர்கள் காத்திருக்கும். அடுத்த திசம்பர் வரை அவர் கையில் இருப்பது தூரிகை.