திரும்பி வருவதற்கான காற்று

வன்னியிலிருந்து குடும்பத்தோடு யாழ்ப்பாணம் செல்வோர் நல்லூரையும் கீரிமலையையும் கண்டபின் புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பாராது திரும்புதல் அரிது. வானரசேனையின் தாகந் தணிக்க இராமபிரான் அம்பூன்றிய இடமென்பது ஐதிகம். மேல்நீர் நன்னீர், ஆழஞ் செல்லச் செல்ல உவர். "இதற்குள் இறங்கிப் பார்க்கலாமா?" என்று பிள்ளைகள் வினவுவதும், தாய்மார் பதறி அவர்தம் கையைப் பற்றி இழுப்பதும் அங்கு அன்றாடக் காட்சி. பிள்ளைகளின் வினா இலேசானதன்று. உலகின் வேறு பாகங்களில் அதற்கு விடை காண முயன்றோர் பலர். அவருட் பலர் மீளவில்லை.

வவுனியாப் பக்கத்தில் மண்ணைத் தோண்டினால் கரும்பாறை தட்டும். யாழ்ப்பாணத்தின் அடித்தளமோ சுண்ணாம்புக்கல். பரந்தன், முழங்காவில் பகுதிகளின் கீழும் அதன் படிவு உண்டு. மழைநீர் இக்கல்லைக் கரைத்துக் கரைத்துப் பொந்தாக்கி, பொந்தைக் குகையாக்கிவிடும். அக்குகையில் நீர் நிறைந்து, மேற்கூரை இடிந்து விழுந்த இடமே நிலாவரை போன்ற அடிகாணா ஊற்று. அமெரிக்காவின் புளோரிடாவிலும் மெக்சிக்கோவிலும் இத்தகைய நீர்க்குகைகள் மைல்கணக்கில் நீள்கின்றன.

முல்லைத்தீவுக் கடலில் கடலட்டைக்காகச் சிலிண்டர் பூட்டி இறங்கும் சுழியோடிக்கு ஆபத்து நேர்ந்தால் மேலே வானம் இருக்கிறது. விரைந்து எழுவதால் உடலுக்குக் கேடு விளையலாமெனினும், காற்றையாவது கண்டுவிடலாம். குகைச் சுழியோடிக்கு மேலே இருப்பது பாறை. வந்த வழியொன்றே அவனுக்கு வாயில். ஆகவே நீருக்குள் எழக்கூடிய இடர் ஒவ்வொன்றுக்கும் கரையில் இருக்கும்போதே விடை கண்டிருத்தல் வேண்டும்.

முதலாவது காற்றுக் கணக்கு. 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 2400 லீற்றர் காற்று அடங்கும். நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவனுக்குக் கரையில் அது இரண்டு மணிநேரம் போதும். 10 மீற்றர் ஆழத்தில் செலவு இரு மடங்கு. 30 மீற்றரில் நான்கு மடங்கு. இரண்டு மணிநேரக் காற்று அங்கே அரைமணியில் தீர்ந்துவிடும். அந்த அரைமணியும் முழுதாக அவனுக்குரியதன்று. மூன்றில் ஒரு பங்கு உட்செல்ல, ஒரு பங்கு வெளிவர, எஞ்சிய பங்கைத் தொடலாகாது என்பது விதி. குகையின் கோடியில் தோழனின் கருவி பழுதுற்றால் அவனையும் கரைசேர்க்கும் காற்று அதுவே. எனவே பத்து நிமிடம் உள்ளே சென்றதும், முன்னே எத்தகைய அற்புதம் தோன்றினும், முகத்தைத் திருப்பிவிட வேண்டும். இல்லத்தில் அரிசிப் பானையை அளந்து மாதக் கடைசியைக் கடத்தும் தாய்மாருக்கு இக்கணக்கு எளிதிற் புரியும், வாலிபருக்குத்தான் புரிவதில்லை.

இரண்டாவது கயிறு. வன்னிக் காட்டில் தேனுக்குச் செல்வோர் கொப்புகளை முறித்து வைத்துக்கொண்டே போவர். திரும்புகையில் அவையே வழிகாட்டும். குகையில் அவ்வேலையைச் செய்வது வாயிலிலிருந்து அறுபடாது இழுத்துச் செல்லும் கயிறு. தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருக்கையில் கயிறு எதற்கென்று தோன்றும். கால்துடுப்பு அடித்தளத்து வண்டலில் ஒருமுறை பட்டாற் போதும். தன் கையையே தான் காணமுடியாத கலக்கம் சூழும். அப்போது கயிற்றை விரல்களால் வளைத்துத் தடவித்தான் வரவேண்டும். வெளித்திசையைத் தொட்டறிய அதில் அம்புக்குறிகளும் பொருத்துவர்.

ஆளுக்கு மூன்று ரோர்ச் விளக்கு, இரண்டு சுவாசக் கருவி, சிக்கிய கயிற்றை அறுக்கக் கத்தி ஆகியன மற்றைய ஆயத்தங்கள். சுவாசக் கருவிகளில் ஒன்றன் குழாய் ஏழடி நீளமானது; இடுக்கான வழியில் இருவர் முன்பின்னாக நீந்தியபடியே காற்றைப் பகிர்வதற்கு அது வேண்டும்.

இவ்விதிகள் இறந்தோரிடமிருந்து கற்றவை. புளோரிடாவைச் சேர்ந்த ஷெக் எக்ஸ்லி என்னும் சுழியோடி, குகைகளில் மாண்டோரின் விபத்துக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979இல் நூலாக்கினார். தொடர்ந்த கயிறின்மை, மீளக் காற்று வையாமை, மிகு ஆழம் என்பனவே திரும்பத் திரும்பக் காணப்பட்டன. அவரும் 1994இல் மெக்சிக்கோவின் சக்கத்தோன் என்னும் ஆழ்கிணற்றில் சாதனைக்கு முயன்றபோது உயிர் நீத்தார். புளோரிடாக் குகைவாயில்களில் இன்று மரணதேவனின் உருவம் வரைந்த எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. நம்மவர் வரைந்திருந்தால் எருமைக்கடாவும் உடன் நின்றிருக்கும்.

ஆயத்தத்தின் அருமையை உலகமே கண்டது 2018இல். தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் ஜூன் 23ஆந் திகதி நுழைந்த 12 சிறுவரும் அவர்தம் உதைபந்தாட்டப் பயிற்றுநரும் வெள்ளத்தால் அடைபட்டனர். ஜூலை 2இல் பிரித்தானியச் சுழியோடிகளான ரிச்சர்ட் ஸ்ரான்ரன், ஜோன் வொலன்தன் ஆகியோர் அவர்களைக் கண்டனர். ஆயினும் உடனே அழைத்துவரவில்லை. இயந்திரங்கள் இரவுபகலாக நீரிறைத்தன. வழிநெடுகச் சிலிண்டர்கள் வைக்கப்பட்டன. அப்பணிக்குச் சென்ற முன்னாட் கடற்படைவீரர் சமன் குணான், சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் நினைவிழந்து, ஜூலை 6இல் மாண்டார். அடைபட்டோருக்கு உறவினரல்லர், தாமாக முன்வந்தவர்.

அதன்பின்னும் அவசரப்படவில்லை. உள்ளூர்ச் சிறுவரை நீச்சற்குளத்தில் இறக்கி முகமூடி பொருத்திப் பார்த்தனர். கதிரைகளை நெருக்கி அடுக்கி, குகையின் இடுக்குகளைப்போல் அமைத்து, யார் எங்கே யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பதென்று நடந்தே ஒத்திகை பார்த்தனர். பிள்ளைகள் பீதியுற்று முகமூடியைப் பிடுங்காதிருக்க, அவுஸ்திரேலிய மயக்க மருந்து வைத்தியர் ரிச்சர்ட் ஹரிஸ் ஒவ்வொருவருக்கும் ஊசி ஏற்றினார். ஜூலை 8இல் நால்வர், 9இல் நால்வர், 10இல் ஐவர் என அனைவரும் வெளியே வந்தனர். இறுதியாக வந்தோர் வெளியேறிய சற்று நேரத்தில் பிரதான நீரிறைக்கும் இயந்திரம் நின்றது. உள்ளே எஞ்சியிருந்த பணியாளர் ஏறும் நீருக்கு முன்னே ஓடி வெளியேறினர்.