ரகசியம் எதுவரை? ஏலக் கூடத்தில் எழும் கேள்வி

தஞ்சைத் தரணி என்றால் நெல்தான் நினைவுக்கு வரும். ஆனால் சம்பாவும் தாளடியும் அறுவடையான பிறகு, அதே வயலில் வெள்ளை வெளேரென்று வெடித்து நிற்கும் பயிர் ஒன்று உண்டு. அதுதான் கோடைப் பருத்தி.

நெல்லை விற்க ஊருக்கு ஊர் அரசாங்கக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. பருத்திக்கும் ஆதரவு விலை உண்டு. ஆனால் அப்படி வீட்டு வாசலில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கும்பகோணம், பாபநாசம், திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு போய் ஏலத்தில் விற்க வேண்டும்.

அங்கேதான் வழக்கு ஆரம்பமாகிறது!

துண்டுக்குள் விரல்

அந்தக் காலத்துச் சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டால் கையை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பொருளுக்கு உடையவன் பக்கத்திலேயே நிற்பான். தன் பொருள் என்ன விலைக்குப் போகிறது என்பது அவனுக்கே தெரியாது!

இந்த மாதிரி முறைகேடுகளை ஒழிக்கவே 1933-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு விற்பனைக்கூடம் ஏற்பட்டது. இப்போது நடப்பில் இருப்பது 1987-ம் ஆண்டுச் சட்டம்.

பருத்தி விற்பது மறைமுக ஏலத்தில். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாகப் பார்த்து, கேட்கும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். நேரம் முடிந்ததும் பெட்டி திறக்கப்படும். அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. விலை பிடிக்காவிட்டால் விவசாயி மறுத்துவிடலாம்.

ஒருவர் எழுதிய விலை அடுத்தவருக்குத் தெரியாது. ஆகவே கூட்டுச் சேர முடியாது. இதுதான் ஏற்பாட்டின் நோக்கம்.

விவசாயியின் புகார்

2022-ல் குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டி விற்ற டெல்டாப் பருத்தி, 2023-ல் மளமளவென்று சரிந்தது. 2022-23 பருவத்தில் நடுத்தர இழைப் பருத்திக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை 6,080 ரூபாய். அதுகூடக் கிடைக்கவில்லை என்று விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

“பெட்டிக்குள் சீட்டு விழுவதற்கு முன்பே, வெளியே வியாபாரிகள் பேசி முடித்துவிடுகிறார்கள்” என்பது அவர்கள் புகார். இந்தியப் பருத்திக் கழகம் ஏலத்துக்கு வந்து நின்றால் விலை இப்படி இறங்காது என்பது அவர்கள் வாதம். வியாபாரிகளோ, நூல் விலை இறங்கிவிட்டது, பஞ்சில் ஈரம் அதிகம் என்று காரணம் காட்டுகிறார்கள்.

யார் சொல்வது சரி? மறுக்கும் உரிமை விவசாயிக்கு இருப்பது உண்மைதான். ஆனால் வண்டி வாடகை கொடுத்து, இரவெல்லாம் கண் விழித்துக் காவல் இருந்தவர், மழை வரும் நேரத்தில் மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோவாரா?

கம்ப்யூட்டர் தீர்த்துவைக்குமா?

2016 ஏப்ரல் 14-ல் மத்திய அரசு ‘இ-நாம்’ என்னும் மின்னணுச் சந்தையைத் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கூடங்கள் பலவும் அதில் சேர்ந்திருக்கின்றன. வெளியூர் வியாபாரியும் செல்போனிலேயே விலை கேட்கலாம். பணம் விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் சூது ஒழிந்துவிடுமா?

கம்ப்யூட்டரிலேயே பிறந்து கம்ப்யூட்டரிலேயே நடக்கும் ஒரு ஏலத்தைப் பார்த்தால் விடை தெரியும். அதுதான் இணைய முகவரி ஏலம். இணையத்தில் கடை வைப்பவருக்கு ஒரு பெயர்ப் பலகை வேண்டும். ஒரு பெயர் உலகத்தில் ஒருவருக்குத்தான். ஆகையால் நல்ல பெயருக்கு ஏகப்பட்ட கிராக்கி!

இப்படி ஏலம் நடத்திய அமெரிக்கக் கம்பெனி ‘ஸ்னாப்நேம்ஸ்’. அதன் குட்டு 2009 நவம்பரில் வெளிப்பட்டது. கம்பெனியின் ஊழியர் ஒருவரே 2005 முதல் பொய்ப் பெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றியிருக்கிறார்! சுமார் 5 சதவீத ஏலங்களில் இது நடந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதிகம் கொடுத்தவர்களுக்கு வித்தியாசத் தொகையை வட்டியுடன் திருப்பித் தருவதாகச் சொன்னது.

இன்னொரு வழக்கு, நம் ஊருக்கு நன்கு பழக்கமான பினாமி விவகாரம் போன்றது. ‘.காம்’ போல முகவரியின் வாலில் வரும் ‘.வெப்’ என்னும் சொல்லுக்கு 2016 ஜூலையில் ஏலம் நடந்தது. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ‘ஐகான்’ அதை நடத்தியது. ‘நு டாட் கோ’ என்ற கம்பெனி 13½ கோடி டாலருக்கு எடுத்தது. பணம் கொடுத்தது யார்? ‘.காம்’ முகவரிகளை நடத்தும் ‘வெரிசைன்’! ஏலம் முடிந்த பிறகே அந்தக் கம்பெனி இதை வெளியில் சொன்னது. தோற்ற ‘அஃபிலியாஸ்’ வழக்காடியது. புகாருக்கு முடிவு சொல்லாமல் இருந்தது தவறு, ஐகான் அதைத் தீர்மானிக்க வேண்டும் என்று 2021-ல் நடுவர் குழு கூறியது.

வேண்டியது என்ன?

அங்கே விலை ஏறியது. இங்கே விலை இறங்கியதாகப் புகார். ஆனால் கேள்வி ஒன்றுதான்: விலை கேட்டவர் உண்மையில் யார்?

பெட்டி திறக்கும்வரை ரகசியம் நல்லது. திறந்த பிறகு ரகசியம் எதற்கு? உச்ச விலையைச் சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொரு குவியலுக்கும் யார் யார் என்ன விலை எழுதினார்கள் என்பதைக் கூடத்து வாசலில் பலகையில் எழுதிவைக்கட்டும். ஈரம் எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே குறிக்கட்டும். ஏலம் நடத்துகிறவர்களும் அவர்களுடைய உறவினர்களும் ஏலம் கேட்கக் கூடாது. பினாமிக்கும் இடம் இருக்கக் கூடாது.

பத்துப் பேரும் வாரந்தோறும் ஒரே மாதிரி விலை எழுதினால் அந்தப் பலகையே காட்டிக்கொடுத்துவிடும். நேர்மையான வியாபாரிக்கும் அதுவே சாட்சி. ஒரு பலகையும் ஒரு சாக்குக்கட்டியும்தான் செலவு!