இது போனால் அதுவும் போகுமா?

சோதனைக்கென்று டெஸ்க்டாப்பில் ஒரு புதிய போல்டரை உருவாக்குங்கள். நோட்பேடில் இரண்டு வரி டைப் செய்து அதனுள் சேமியுங்கள். போல்டரை டெலீட் செய்தால் பைலும் சேர்ந்தே ரீசைக்கிள் பின்னுக்குப் போய்விடும். அதை ரீஸ்டோர் செய்து, பைலுக்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் ஏற்படுத்துங்கள். இப்போது ஷார்ட்கட்டை டெலீட் செய்யுங்கள். பைலுக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டும் பைலோடு தொடர்பு உடையவைதான். தொடர்பின் வகைதான் வேறு. பெரிய சாப்ட்வேர்களை வடிவமைப்பவர்கள் புரோகிராம் எழுதும் முன் தீர்மானிக்க வேண்டிய முக்கிய விஷயம் இது. ரயில் முன்பதிவை எடுத்துக் கொள்வோம். டிக்கெட், பயணி, கோச், பெர்த் ஆகியவற்றை ஆப்ஜெக்ட்கள் என அழைக்கின்றனர்.

ஒரே பி.என்.ஆர். எண்ணில் 6 பேர் வரை பதிவு செய்யலாம். இருவர் வரவில்லை என்றால் அவர்களை மட்டும் கேன்சல் செய்யலாம். டிக்கெட் முழுவதற்கும் "கேன்சல் ஆனதா, இல்லையா" என்று ஒரே குறிப்பு வைத்திருந்தால் இது நடக்காது. இருவருக்காக ஆறு பேரும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்! எனவே டிக்கெட்டுக்குள் பயணி ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு வேண்டும்.

பெர்த் யாருக்குச் சொந்தம்? டிக்கெட்டுக்கு என்று சொல்லத் தோன்றும். ஆனால் கேன்சல் செய்ததும் பெர்த் மறைந்துவிடக் கூடாது, ஆர்.ஏ.சி.யில் காத்திருப்பவருக்குப் போக வேண்டும். சென்னையிலிருந்து திருச்சி வரை ஒருவர், திருச்சியிலிருந்து மதுரை வரை இன்னொருவர் என ஒரே பயணத்தில் ஒரே பெர்த்துக்கு இருவர் வரலாம். ஆக, பெர்த் கோச்சின் பகுதி. கோச் போனால்தான் பெர்த் போகும். இது போல்டர்-பைல் உறவு, பெயர் கம்போசிஷன். பெர்த்துக்கும் பயணிக்கும் உள்ளது ஷார்ட்கட் போன்ற இணைப்பு, அதாவது அசோசியேஷன்.

இவற்றைப் படமாக வரைய யு.எம்.எல். என்ற முறை உள்ளது. கிராடி பூச், ஜேம்ஸ் ரம்பா, இவார் ஜேக்கப்சன் ஆகிய மூவர் உருவாக்கிய இதனை 1997-ல் ஓ.எம்.ஜி. என்ற அமைப்பு ஏற்றுக் கொண்டது. கம்போசிஷன் என்றால் கோட்டின் முனையில், கோச் பக்கம், கருப்பு வைர வடிவம் போட வேண்டும். அசோசியேஷனுக்கு வெறும் கோடு போதும். வெள்ளை வைரமும் உண்டு. அதன் பொருள் பற்றி அனுபவசாலிகளே சண்டை போடுவதால் புதியவர்கள் அதை விட்டுவிடலாம்.

"இது அதில் ஒரு வகை" என்னும் இன்ஹெரிட்டன்ஸ் உறவில்தான் பலரும் சறுக்குகின்றனர். வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி., கன்பர்ம் என டிக்கெட்டை மூன்று வகையாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். ஜாவா போன்ற மொழிகளில் ஓர் ஆப்ஜெக்ட் உருவான பின் அதன் வகையை மாற்ற முடியாது. வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவரோ சார்ட் தயாராகும்போது கன்பர்ம் ஆகிவிடலாம். அது வகை அல்ல, அப்போதைய நிலை. பயணியின் பதிவில் அதற்கென ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும்.