காணியும் உடலும்

"என் காணித்துண்டு ஒன்று சும்மா கிடக்கிறது, நீங்கள் எடுத்துப் பயிரிடுங்களேன்" என்று சாய்ந்தமருது முஸ்லிம் நண்பர் ஒருவர் நம்மிடம் கூறுகிறார் என வைத்துக்கொள்வோம். மண்வெட்டி பிடித்துப் பழகிய மனம் உடனே இசையும். நீரிழிவால் தளர்ந்த உடலோ தயங்கும். எதற்குச் செவிசாய்ப்பது?

கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் இயேசு கற்பித்தார் (லூக்கா 14). கணக்கிடுவது விசுவாசக் குறைவன்று, அது ஞானம். கரையோர மணல் நீரைத் தேக்கி வைக்காது. கோடையில் நாள்தோறும் இறைக்க வேண்டும். நீரிழிவினால் பாதங்கள் உணர்விழந்தவர் முள் தைத்ததையும் அறியார். சிறு காயமும் பெரும் புண்ணாகலாம். இவையும் அக்கணக்கில் சேர வேண்டியவை.

நிலமும் நோயுறுவதுண்டு. 2004 டிசம்பர் 26இல் பொங்கிய ஆழிப்பேரலை இக்கரையோரக் கிணறுகள் பலவற்றை உவராக்கிற்று. மாரிமழைதான் அவ்வுப்பைச் சிறிது சிறிதாகக் கழுவியது. ஏழாம் ஆண்டில் நிலத்திற்கே ஓய்வு அருளிய இறைவன் (லேவியர் 25), அதில் உழைப்பவரின் உடலுக்கு ஓய்வை மறுப்பாரோ?

ஆகவே அன்பர்களே, மருத்துவரைக் கேளுங்கள். இல்லத்தாரோடு கலந்து பேசுங்கள். முழுக் காணியும் இயலாதெனில் இரண்டு பாத்திகள் போதும். காலணி அணிந்து, வெயில் ஏறுமுன் இறங்குங்கள். அதுவும் இயலாதெனில், "இவ்வாண்டு வேண்டாம்" என நண்பரிடம் நன்றியோடு கூறுங்கள். முற்றத்துக் கீரைச்சட்டியும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த தோட்டமே.