உஷார்! ‘வீட்டுத் தயாரிப்பு’ என்றால் சட்டம் விட்டுவிடாது

புரட்டாசி பிறந்துவிட்டால் ஊரெல்லாம் ‘தீபாவளி ஷாப்பிங் மேளா’ பேனர்தான். கல்யாண மண்டபம், பள்ளி மைதானம், அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸ் என எங்கே நுழைந்தாலும் வரிசையாக மேசைகள். பனை ஓலைக் கூடை, டெரகோட்டா நகை, குரோஷா பொம்மை எல்லாவற்றையும் தாண்டினால் கட்டாயம் ஒரு சோப்பு மேசை இருக்கும். குப்பைமேனி, ஆவாரம்பூ, நலங்குமாவு, வெட்டிவேர், ஆட்டுப்பால், ஏன், கழுதைப்பால்கூட. மேசைக்குப் பின்னால் ஒரு நாள் வகுப்பில் சோப்புப் போடக் கற்றுக்கொண்டு, நகையை அடகு வைத்தோ சீட்டுப் பணத்தை எடுத்தோ முதல் போட்ட ஒரு பெண் நிற்பார். அவருக்கும், அடுத்த மாதம் அவர் பக்கத்தில் ஸ்டால் போட நினைப்பவர்களுக்கும்தான் இந்த எச்சரிக்கை.

முதலில் தலையாய விஷயம். குளியல் சோப்பை விற்பனைக்குச் செய்ய உரிமம் வேண்டும். இல்லாமல் செய்து விற்பது தண்டனைக்குரிய குற்றம்.

“கண்காட்சியில பாதிப் பேர் அப்படித்தானே விக்கிறாங்க?” என்பீர்கள். விற்கிறார்கள். யாரும் இன்னும் பிடிக்கவில்லை என்பதால் அது அனுமதி ஆகிவிடாது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் முன்பு சோப்புக்கு விலக்கு இருந்தது உண்மை. 1982-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து லிப்ஸ்டிக், முகப்பவுடர் வரிசையில்தான் குளியல் சோப்பும். 2020 டிசம்பரில் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி சி.ஓ.எஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்து, சி.ஓ.எஸ்-8 படிவத்தில் உரிமம் பெற வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. வீட்டுக்குச் செய்து குளித்தால், நாத்தனாருக்குச் சும்மா கொடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. விலை வைத்து மேசையில் அடுக்கியதுமே நீங்கள் உற்பத்தியாளர்.

இங்கேதான் வகுப்பு எடுப்பவர்கள் செய்யும் கெடுதல் தெரியும். அழகாக லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்து, “உத்யம் பதிவு ஒண்ணு போட்டுக்குங்க, போதும்” என்று அனுப்பிவிடுகிறார்கள். உத்யம் என்பது நீங்கள் ஒரு சிறுதொழில் நடத்துகிறீர்கள் என்று அரசிடம் பதிந்துகொள்வது, அவ்வளவுதான். வங்கிக் கடனுக்கு உதவும், சோப்பு உரிமத்துக்கு ஈடாகாது. உணவுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணைச் சோப்பு உறையில் அச்சடித்து வைத்திருப்பவர்களும் உண்டு. சோப்பை யார் தின்னப் போகிறார்கள்?

அதைவிடப் பெரிய இடி ஒன்று இருக்கிறது. உற்பத்தி இடம் குடியிருக்கும் வீடாகவோ, வீட்டோடு உள்வழியாக இணைந்ததாகவோ இருக்கக் கூடாது என்பது உரிமத்துக்கான நிபந்தனைகளில் ஒன்று. ‘எங்கள் சமையலறையிலிருந்து உங்கள் குளியலறைக்கு’ என்று பெருமையாக எழுதி வைக்கிறோமே, அந்த வாசகமே நமக்கு எதிரான சாட்சி.

அடுத்தது வாய். உறையில் எழுதுவதும், ஸ்டாலில் நின்று சொல்வதும். குப்பைமேனி சோப்பு என்று விற்பது ஒன்று. ‘சொறி, சிரங்கு, சோரியாசிஸ் தீரும்’ என்று விற்பது வேறு. நோயைக் குணமாக்கும் என்று சொன்ன நிமிடமே அது சோப்பாக இல்லாமல் மருந்தாகப் பார்க்கப்படும். சித்த, ஆயுர்வேத மருந்தாகச் செய்வதற்கு உரிமம் தனி, அதன் நிபந்தனைகளும் தனி. வெண்புள்ளி மறையும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டமே நேரடியாகத் தடுக்கிறது. அதன் நோய்ப் பட்டியலில் வெண்புள்ளியும் தொழுநோயும் சர்க்கரை நோயும் இருக்கின்றன. ‘ஏழே நாளில் நிறம் கூடும்’ போன்ற பேச்சும் வேண்டாம். உறையில் பொய்யான, திசைதிருப்பும் வாக்குறுதி கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் தோல் வெந்து புகார் கொடுத்தால் உங்கள் இன்ஸ்டாகிராம் ரீல்தான் முதல் ஆதாரமாக வந்து நிற்கும்.

தோல் வேகுமா? வேகும். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்புக் கட்டி இல்லை. ‘கெமிக்கல் ஃப்ரீ’ என்று யார் சொன்னாலும், அவர் எண்ணெயில் காஸ்டிக் கலந்திருக்கிறார், அல்லது வேறொருவர் கலந்து தயாரித்த சோப் பேஸை உருக்கி மோல்டில் ஊற்றியிருக்கிறார். எண்ணெயோடு முழுதாகச் சேர்ந்துவிட்டால் காஸ்டிக் காஸ்டிக்காக மிஞ்சாது, சோப்பும் கிளிசரினுமாக மாறிவிடும். பிரச்சினை அளவில்தான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுதாகச் சோப்பாக்க ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் தேவை. அதே ஒரு கிலோ விளக்கெண்ணெய்க்கு 128 கிராம் போதும். நல்லெண்ணெய்க்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் 130-ஐ ஒட்டி. வகுப்பில் தேங்காய் எண்ணெய்க்கு எழுதிக்கொடுத்த அளவை வைத்துக்கொண்டு, “இந்தத் தடவை விளக்கெண்ணெய் கூடப் போட்டுப் பார்ப்போம்” என்று எண்ணெயை மாற்றினால் மிஞ்சுகிற காஸ்டிக் அப்படியே கட்டிக்குள் இருக்கும். பார்வைக்குத் தெரியாது, வாசனைக்குத் தெரியாது. பச்சைக் குழந்தையின் தோலில்தான் தெரியும். அதனால்தான் தெரிந்தவர்கள் எண்ணெய் மாறும்போதெல்லாம் கணக்கைப் புதிதாகப் போட்டு, காஸ்டிக்கைத் தேவைக்கு ஐந்து சதவீதம் குறைத்தே போடுகிறார்கள். கரண்டி அளவு, டம்ளர் அளவு எல்லாம் இங்கே செல்லாது; கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாதவர் சோப்புப் போடவே கூடாது.

பண்டிகை அவசரம் வேறு. அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல் செய்யும் கோல்ட் ப்ராசஸ் சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது போட்ட சோப்பைத் தீபாவளிக்கே விற்றால் அது கொழகொழவென்று கரையும். வாங்கியவர் உங்களைத் திட்டுவதோடு நிற்காமல் கையால் செய்த சோப்பையே வெறுத்துவிடுவார்.

செய்பவரின் வீட்டு ஆபத்து இன்னும் மோசம். காஸ்டிக்கைத் தண்ணீரில் தூவ வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எல்லாவற்றையும்விட, கரைத்த காஸ்டிக் நீர் ஆறியதும் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். அதைப் பழைய குடிநீர் பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை ஒரு வாய் குடித்தால் உணவுக்குழாய் வெந்துவிடும். தயவுசெய்து இந்த ஒன்றையாவது இன்றைக்கே நிறுத்துங்கள். ஜிலேபி, லட்டு, கப் கேக் வடிவ மோல்டுகளும் இதே ரகம்தான். பலகாரக் கடைக்குப் பக்கத்து மேசையில் ரோஸ் வாசனையோடு லட்டு சோப்பை அடுக்கி வைத்தால் இரண்டு வயதுக் குழந்தை எதற்குக் கை நீட்டும்?

உறை விஷயத்துக்கு வருவோம். தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு எண் இவையெல்லாம் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளில் வருபவை. உரிம எண்ணும், சேர்த்த பொருட்களின் பட்டியலும் அழகுசாதன விதிகளில் வருபவை. எடையில் பலரும் மாட்டுகிறார்கள். கையால் செய்த சோப்பு உலர உலர எடை குறையும். வெட்டிய அன்று 100 கிராம் என்று எழுதியது இரண்டு மாதம் கழித்து மேளாவில் 92 கிராம் காட்டலாம். தொழிலாளர் துறை ஆய்வாளர் தராசில் வைத்தால் அது குறை எடை. உலர்ந்து முடித்த பிறகு நிறுத்து எழுதுங்கள்.

சோப்பு மட்டுமல்ல. குரோஷா பொம்மை, துணிப் பொம்மை, மரச் சொப்பு விற்பவர்களும் கவனியுங்கள். 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அந்தக் கைவினைஞர் அடையாள அட்டை உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் முதல் வேலையாக அதற்கு விண்ணப்பியுங்கள். பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ போய் ஸ்டால் போடுபவர்களுக்கு இன்னொன்று: உள்ளூரில் 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்ற சலுகை எல்லை தாண்டினால் கூட வராது. சோப்பு விற்பவர் அங்கே தற்காலிகப் பதிவு எடுத்து, உத்தேச வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

இனி பணம் பறிப்பவர்கள்.

“அக்கா, கடைசி ரெண்டு ஸ்டால்தான் பாக்கி. இப்பவே அட்வான்ஸ் போட்டா கார்னர் ஸ்டால் தர்றேன்.” வாட்ஸாப்பில் இப்படி ஒரு செய்தி, கூடவே போன வருடம் வேறு யாரோ நடத்திய மேளாவின் கூட்டம் வழியும் படங்கள். பணம் போனதும் குழுவிலிருந்து உங்களைத் தூக்கிவிடுவார்கள், அல்லது அன்று காலை போய்ப் பார்த்தால் மண்டபத்தில் காதுகுத்து நடக்கும். அட்வான்ஸ் போடும் முன் மண்டபத்துக்கு நீங்களே போன் செய்து அந்தத் தேதி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை, யாரும் செய்வதில்லை. உண்மையான அமைப்பாளரிடமும் ரசீதில் எழுதி வாங்க வேண்டியவை உண்டு: மேசைக்கும் மின்சாரத்துக்கும் தனிக் கட்டணமா, மழையால் நின்றுபோனால் பணம் திரும்பி வருமா, சோப்புக்கு எத்தனை ஸ்டால். ‘உங்களுக்கு மட்டும்தான்’ என்று சொல்லிவிட்டு ஒரே வரிசையில் ஆறு சோப்பு மேசை போடுபவர்கள் உண்டு.

கூட்டம் நெரிக்கும் நேரத்தில் ஜீபே, போன்பே. “போட்டுட்டேன் அக்கா” என்று பச்சை டிக் காட்டும் திரையை நம்பாதீர்கள். அப்படியே காட்டுவதற்கென்று போலி ஆப்கள் உலவுகின்றன. உங்கள் சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும், அல்லது உங்கள் கணக்கில் தெரிய வேண்டும். மேசையில் ஒட்டிய கியூ.ஆர். ஸ்டிக்கர் மேல் வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். காலையிலும் மதிய உணவு முடிந்தும் நீங்களே ஸ்கேன் செய்து யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். மேளா முடிந்த வாரத்தில் வரும் பெரிய ஆர்டர் போனிலும் கவனம். ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி 200 சோப்பு கேட்பார், பேரம் பேசவே மாட்டார், கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்பச் சொல்வார், அல்லது ஒரு லிங்க்கைத் தட்டச் சொல்வார். பணம் வாங்குவதற்கு உங்கள் யு.பி.ஐ. ‘பின்’ எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வழி உண்டு.

அப்படியானால் சோப்புத் தொழிலே வேண்டாமா? வேண்டும். உரிமம் பெற்ற தொழிற்கூடம் ஒன்றில் உங்கள் பெயரில் செய்துகொள்ள ‘லோன் லைசென்ஸ்’ என்ற ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. சுய உதவிக் குழுவாக இருந்தால் பத்துப் பேர் சேர்ந்து வீட்டுக்கு வெளியே ஓர் இடம் பிடித்து, ஒரே உரிமம் எடுக்கலாம். தனியாக ஒருத்தி சுமப்பதைவிடச் செலவு எவ்வளவோ குறையும். அதுவும் முடியாதென்றால், உரிமம் உள்ள உற்பத்தியாளரிடம் சோப்பை வாங்கி அவர் உறையோடு, அவர் உரிம எண்ணோடு விற்கலாம். உள்நாட்டில் உரிமத்தோடு செய்த சோப்பை வாங்கி விற்பதற்குத் தனி உரிமம் தேவையில்லை.

இந்தத் தீபாவளிக்கு அட்வான்ஸ் கட்டும் முன் உங்கள் மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். உரிமம் கைக்கு வரும்வரை மேசையில் கூடையையும் துணிப்பையையும் மட்டும் வையுங்கள், சோப்பை வைக்காதீர்கள்.